இப்திஸாம் சாப்பிடாத வீடு

மெக்னெஸ்
3 நவம்பர் 1986

ரகிய்யா அவர்களுக்கு,

ஸலாம். நான் துரிய்யா, மிலூதின் மனைவி. நீங்கள் இந்த வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம் கழித்து வந்தவள். நமக்குள் எந்தப் பகையும் இல்லை என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் மகள் இப்திஸாம் இங்கே வந்து ஐம்பது நாளாகிறது. எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை போடுகிற வீடு என்பது உங்களுக்கே தெரியும். இந்த ஐம்பது நாளில் அந்தத் தட்டில் அவள் கை ஒரு தடவைகூடப் படவில்லை. ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளித் தின்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள், அவ்வளவுதான். குஸ்குஸ், பருப்பு, கோழி, ஹரீரா சூப் எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. தட்டை வைத்ததும் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் வாப்பா வாரத்தில் நாலு நாள் பஸ் ஓட்டிக்கொண்டு ரஷீதிய்யா ரோட்டில் இருக்கிறார். வீட்டில் நானும் அவளும்தான்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அனுப்பும்போது அவள் காதில் என்ன சொல்லி அனுப்பினீர்கள்? "அவ கையால சாப்பிடாதே" என்றா? இந்தச் சந்தில் இப்போதே பேச்சு கிளம்பிவிட்டது. நான் இடுமருந்து வைக்கிறேனாம், பிள்ளைக்கு அது தெரிந்துவிட்டதாம். எனக்கு இரண்டு வருஷமாகக் குழந்தை இல்லாததையும் அதோடு முடிச்சுப் போடுகிறார்கள்.

உங்கள் மகளை வைத்து என் குடும்பத்தைக் கலைக்க நினைத்தால் நேராகச் சொல்லிவிடுங்கள்.

துரிய்யா


ஸாஃபி
14 நவம்பர் 1986

மிலூதின் மனைவிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். உன்னைப் போல் நீட்டி எழுத வராது.

என் மகள் என் வீட்டில் எல்லாம் சாப்பிட்டாள். மீன், கறி, பருப்பு எல்லாம். ஒன்பது வருஷம் சாப்பிட்ட பிள்ளை உன் வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிட்டது என்றால், காரணத்தை உன் அடுப்படியில் தேடு. என் வாயில் தேடாதே.

மத்தி மீன் டப்பா ஆலையில் இரண்டு ஷிப்ட் பார்க்கிறேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு வருஷம் அவள் வாப்பா வீட்டில் இருக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். உன் குடும்பத்தைக் கலைக்க எனக்கு நேரம் இல்லை.

எனக்கும் இரண்டு கேள்வி இருக்கிறது. சமைக்கும்போது அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்கிறாயாமே, ஏன்? போன மாதம் தாயத்து எழுதுகிறவனிடம் போனாயாமே, யாருக்காக? யார் சொன்னது என்று கேட்காதே.

அவள் எடை என்ன இருக்கிறது என்று எழுது.

ரகிய்யா


மெக்னெஸ்
25 நவம்பர் 1986

ரகிய்யா அவர்களுக்கு,

யார் சொன்னது என்று கேட்க வேண்டியதில்லை. என் நாத்தனார் ஹனிய்யாவைத் தவிர இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறவர் யாரும் இல்லை. உங்களை விரட்டியபோதும் அவள்தான் முன்னால் நின்றாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போது உங்களுக்கே கடிதம் எழுதுகிறாள் என்றால் நீங்கள் இரண்டு பேரும் எப்போது சேர்ந்தீர்கள் என்று தெரியவில்லை.

கதவைச் சாத்துவது உங்கள் மகளுக்காக. ஊறிய பழைய வெண்ணெயை நான் சட்டியில் போட்டதும் அவள் முற்றத்தில் நின்றபடியே குமட்டுகிறாள். முதலில் என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். கதவைச் சாத்தினால் கொஞ்சம் அடங்குகிறது.

தாயத்துக்காரனிடம் போனது உண்மை. அவள் சாப்பிடட்டும் என்று ஒரு தாள் எழுதி வாங்கி வந்தேன். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னான். நான் கொடுக்கவில்லை. போன வாரம்தான் அவள் தலையணைக்குள் வைக்கலாம் என்று உறையைக் கழற்றினேன். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? செய்தித்தாளில் சுற்றிய ரொட்டித் துண்டுகள். எங்கள் வீட்டு ரொட்டி இல்லை. ஓரமெல்லாம் கரியாகக் கருகின துண்டுகள்.

ஆக அவள் பட்டினி கிடக்கவில்லை. யாரோ வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். என் வீட்டில் சாப்பிடாமலும் இருக்க வேண்டும், செத்தும் போய்விடக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். இந்த ஊரில் உங்களுக்கு ஆள் யார்? அவளிடம் கேட்டேன். துண்டுகளைத் திரும்பச் செய்தித்தாளில் சுற்றிவைத்தாள்.

எடை இருபத்திரண்டு கிலோ.

துரிய்யா


ஸாஃபி
6 டிசம்பர் 1986

துரிய்யாவுக்கு,

இருபத்திரண்டா? இங்கிருந்து போகும்போது இருபத்தைந்து இருந்தாள்.

எனக்கு மெக்னெஸில் யாரும் இல்லை. குர்ஆன்மேல் கை வைத்துச் சொல்கிறேன். ஹனிய்யாவோடு நான் சேரவும் இல்லை. அவளாக எழுதினாள், நான் படித்தேன். என் பிள்ளைக்குத் தெரியாதவர்கள் ரொட்டி கொடுக்கிற அளவுக்கு நீ என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய்?

ரொட்டி கருகியிருந்தது என்றால் அவளே கேட்டு வாங்கியிருப்பாள். எங்கே வாங்கினாள் என்று கண்டுபிடி. அடிக்காமல் கேள்.

இந்த மாதக் கடைசிக்குள் அவள் எடை ஏறவில்லை என்றால் காஜியிடம் மனு கொடுப்பேன். சித்தி வீட்டில் பிள்ளை மூன்று கிலோ குறைந்தது என்றால் எந்தக் காஜியும் என் பக்கம்தான் பேசுவார்.

ரகிய்யா


மெக்னெஸ்
16 டிசம்பர் 1986

ரகிய்யா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: இப்திஸாம் பிழைத்துவிட்டாள். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஹனிய்யா சாப்பிட வந்திருந்தாள். மிலூதும் வீட்டில் இருந்தார். தட்டு வந்ததும் வழக்கம்போல இப்திஸாம் சுவரோரம் ஒதுங்கினாள். ஹனிய்யா என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துச் சொன்னாள். "கோளாறு தின்னாத பிள்ளைகிட்ட இல்லடா, சமைக்கிறவகிட்ட." மிலூதுக்கு முகம் கறுத்துவிட்டது. எழுந்து போய்ப் பிள்ளையைப் பிடித்து மடியில் இறுக்கிக்கொண்டார். தட்டிலிருந்து ஒரு கை அள்ளி அவள் வாயில் திணித்து வாயைப் பொத்தினார். அவர் என்மேல் உள்ள பழியைத் துடைக்கத்தான் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நானும் ஒரு நிமிஷம் சும்மா நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தை நான் யாரிடமும் மறைக்கப் போவதில்லை.

அவள் அழவில்லை. உதறவும் இல்லை. வயிறு மட்டும் மேலே எக்கியது. வாய் பொத்தியிருந்ததால் வந்தது திரும்பிப் போய் மூச்சுக் குழாயில் இறங்கிவிட்டது. உதடு நீலமானது. நான் அவளைப் பிடுங்கித் தலைகீழாகப் பிடித்து முதுகில் அறைந்தேன். அப்புறம் பக்கத்து வீட்டுக் காரில் இங்கே கொண்டுவந்தோம். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். நாலு நாளாகிறது, இன்று கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஹனிய்யா வராந்தாவில் நின்று, உள்ளே போன சோற்றில் என்ன இருந்தது என்று பரிசோதிக்கச் சொல்லி நர்ஸிடம் கேட்டாள். என் காது படவே கேட்டாள்.

டாக்டர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எப்பலேருந்து இப்படி?" அதற்குப் பதில் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இனிமேல் என்னிடம் பொய் சொல்லாதீர்கள். கருகின ரொட்டி என்று நான் எழுதியதும் "அவளே கேட்டு வாங்கியிருப்பாள்" என்று எழுதினீர்கள். மீனும் கறியும் வழித்துத் தின்கிற பிள்ளை கருகினதை எதற்குக் கேட்டு வாங்க வேண்டும்? உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த ஒரு வரி உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ரொட்டி கொடுத்தது, சந்து முனையில் ரொட்டி சுடும் பொது அடுப்பு வைத்திருக்கிற அல்லால் என்பவர். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய கருகலை இவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். "நல்லா தீஞ்சதா குடுங்க" என்று கேட்பாளாம்.

போன வாரம் ஒரு நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவளாக வந்து, "நான் முழுங்கிடுறேன், நீங்க பாக்காம திரும்பிக்கோங்க" என்றாள். எனக்காகத்தான், சந்தில் என்னைப் பேசுவது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. நான் திரும்பவில்லை. ஏமாற்றப் பார்க்கிறாளோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கடலை அளவு வேகவைத்த கேரட். விரலில் எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன்பே மேலுதட்டில் வேர்வை பூத்தது, கை மயிர் குத்திட்டு நின்றது. வாயில் வைத்தாள். உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது. துப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "தொண்டை சாத்திக்குது. நான் சாத்தல, அதுவா சாத்திக்குது."

பிடிவாதம் பிடிக்கிற பிள்ளைக்கு இப்படி வேர்க்காது. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நான் பேசியிருக்க வேண்டும்.

உண்மையை எழுதுங்கள். காஜியிடம் போவதென்றால் அதற்கப்புறம் போங்கள்.

துரிய்யா


ஸாஃபி
23 டிசம்பர் 1986

துரிய்யா,

பஸ் ஏறப் போனேன். ஆலையில் லீவு கேட்டதற்கு, போனால் திரும்பி வராதே என்றார்கள். பஸ் நிலையத்திலிருந்து திரும்பி வந்தேன். நீ இதற்காக என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

இரண்டு தாள் எழுதுகிறேன். முதல் தாளை மிலூதுக்கும் ஹனிய்யாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. உன்மேல் உள்ள பழி போகட்டும். அதை வைத்து என்னை நல்ல தாய் இல்லை என்று காஜியிடம் அவர்கள் சொன்னாலும் சொல்லட்டும்.

பால் மறக்கடித்த நாளிலிருந்து அவள் இப்படித்தான். துரிய்யாவின் சமையலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. என் வீட்டிலும் அவள் குழம்பு தொட்டதில்லை, கறி தொட்டதில்லை, மீன் இருக்கிற அறைக்குள் வந்ததில்லை. மூன்று வயதில் நான் அவள் மூக்கைப் பிடித்து ஊட்டியிருக்கிறேன். அடித்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டுப் பார்த்தேன், பசித்தால் தானாகத் தின்பாள் என்று. இரண்டாம் நாள் மயங்கி விழுந்தாள், தின்னவில்லை. அவள் தின்பது இவைதான்: மொறுமொறுவென்று இருக்கிற ரொட்டி ஓரம். எண்ணெய் வெண்ணெய் எதுவும் படாமல் ஆவியில் வெந்து உப்பு மட்டும் போட்ட குஸ்குஸ், வேறு எதுவும் தொடாத தனிக் கிண்ணத்தில். ஓரம் சிவந்து முறுகின முட்டை. பாதாம். தோல் சீவின ஆப்பிள், வெட்டின உடனே. ஒன்றின்மேல் ஒன்று படக் கூடாது.

இதோடு முதல் தாள் முடிகிறது.

இது உனக்கு மட்டும்.

எல்லாம் தின்பாள் என்று ஏன் பொய் எழுதினேன் தெரியுமா? என்னைத் தள்ளி வைத்தபோது ஹனிய்யா சொன்னாள், பெற்ற பிள்ளையே கையால் வாங்கித் தின்னவில்லை என்றால் அந்தக் கையில் ஏதோ இருக்கிறது என்று. கை மாறினால் பிள்ளை தின்பாள் என்று அப்போது எல்லாரும் நம்பினார்கள். உனக்கு இடுமருந்து என்றார்கள், எனக்குக் கை சரியில்லை என்றார்கள். திரும்ப அந்த வார்த்தையைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

அவளை அனுப்பினது ஷிப்டுக்காக இல்லை. மத்தி மீன் வாடை போகவே போகாது, துரிய்யா. எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் நிற்கும், தலைமுடியில் நிற்கும். நான் வேலை விட்டு வந்தால் அவள் கட்டிலின் அந்தக் கோடிக்குப் போய்விடுவாள். ஆகஸ்டில் ஒரு நாள் நான் வாசலில் நுழைந்ததும் ஓடிப் போய் முற்றத்தில் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள், என் தோளில் ஒரு முத்தம் வைத்தாள், ஓடிவிட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் உம்மாவுக்கு முத்தம் கொடுக்கிறாள். அன்றைக்கு முடிவு பண்ணினேன், அனுப்பிவிடுவதென்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் முதல் கடிதம் வந்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் கையாலும் அவள் சாப்பிடவில்லை என்று. அவள் இருபத்திரண்டு கிலோ என்று நீ எழுதும் வரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது.

ரகிய்யா


மெக்னெஸ்
15 ஜனவரி 1987

லல்லா ரகிய்யா அக்காவுக்கு,

கடிதம் வந்து பதினைந்து நாளாகிவிட்டது. உடனே எழுதியிருந்தால் கோபத்தில் எழுதியிருப்பேன். மூன்று மாதம் இந்தச் சந்தில் நான் விஷம் வைக்கிறவளாக நடமாடினேன். ஒரு வரியில் உங்களால் அதை நிறுத்தியிருக்க முடியும். அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

இப்திஸாம் வீட்டுக்கு வந்துவிட்டாள். முதல் தாளை இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். ஹனிய்யா, "பணக்கார வீட்டு நோவு எல்லாம் நமக்கெதுக்கு" என்று எழுந்து போய்விட்டாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, கேட்பாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. மிலூத் அடுத்த தடவை ரஷீதிய்யாவிலிருந்து வரும்போது ஒரு பை பாதாம் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். அவள் அவரிடம் இன்னும் கிட்டப் போவதில்லை. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

காஜியிடம் போவது பற்றி யாரும் பேசவில்லை. இரண்டாவது தாள் என் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. வேறு யார் கண்ணிலும் படவில்லை.

இப்போது அவளுக்குத் தனிக் கிண்ணம். சொன்னபடியே உப்பு மட்டும். முதல் நாள் கிண்ணத்தை ரொம்ப நேரம் முகர்ந்து பார்த்தாள். நான் வெண்ணெய் தொட்ட கரண்டியால் கிளறினேனோ என்று சந்தேகம். அப்புறம் சாப்பிட்டாள், முழுக் கிண்ணமும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் எழுந்து போனதும் தலையணை உறையைக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருபத்து மூன்றரை கிலோ. ஆனால் சந்தில் எதிர்வீட்டுக்காரி இன்னும் என் வீட்டு டீயை வாங்குவதில்லை. நோன்பு என்கிறாள், வாரம் ஏழு நாளும்.

மீன் வரத்து நின்று ஆலையை மூடியிருப்பார்கள் என்று மிலூத் சொன்னார். வருவதானால் வாருங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே எழுதுங்கள். அவளைப் பார்க்க வருகிறீர்களா, அழைத்துப் போக வருகிறீர்களா? எந்த முகத்தோடு கதவைத் திறப்பது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

துரிய்யா


ஸாஃபி
2 மார்ச் 1987

தங்கச்சி துரிய்யாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பார்க்க வருகிறேனா, அழைத்துப் போக வருகிறேனா என்று கேட்டிருந்தாய். நான் பதில் எழுதாமலே வந்து நின்றேன். எனக்கே தெரியாததால்தான் எழுதவில்லை. ஐந்து நாளும் நீ என் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நானும் உன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ சமைக்கும்போது அடுப்படிக்கு வெளியே நின்றேனே, உதவி செய்ய இல்லை. நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய்.

உனக்குத் தெரியாத இரண்டு விஷயம் எழுதுகிறேன்.

ஹம்மாமில் குளிக்க அவளை நான் அழைத்துப்போன அன்று, நல்ல வெந்நீர், கூட்டம் இல்லை. அவள் முதுகைத் தேய்த்துவிட்டேன். அப்புறம் அவள் என் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக முகர்ந்தாள். கட்டை விரலில் ஆரம்பித்துப் பத்து விரலும். முடித்துவிட்டு, "இப்ப இல்ல" என்றாள். அப்புறம் "திரும்ப ஆலைக்குப் போவீங்களா உம்மா?" என்றாள். நான் அவள் தலையில் வெந்நீர் ஊற்றினேன். என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். கல் தரையில், எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஹம்மாம்காரி வந்து எழுப்பினாள்.

இரண்டாவது, அந்த மூட்டை. கிளம்புகிற அன்று காலையில் கதவோரம் அவள் துணியெல்லாம் மூட்டை கட்டி இருந்ததே. நீ அதைப் பார்த்தாய், உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். சொல்லாமல் கொள்ளாமல் கூட்டிக்கொண்டு ஓடப் பார்க்கிறேன் என்று நினைத்தாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நீ கட்டி வைத்திருக்கிறாய், வந்தவளோடு சேர்த்து இதையும் தள்ளிவிடப் பார்க்கிறாய் என்று. நல்லவேளை இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

நீ ரொட்டி மாவை அல்லாலிடம் கொண்டுபோன நேரத்தில் அவளிடம் கேட்டேன். "இத யாரு கட்டினா, துரிய்யாவா?"

"இல்ல, நான்தான்."

"எங்க போறே?"

"தெரியல. யாராவது போகச் சொன்னா தயாரா இருக்கணும்ல."

உன் வீட்டுக்கு வந்ததிலிருந்தே அந்த மூட்டை இருக்கிறதாம். கட்டிலுக்கு அடியில், உன் கண்ணில் படாமல். துணி துவைத்து வந்தால் போடுவதற்கு எடுப்பாளாம், திரும்ப மூட்டையிலேயே வைப்பாளாம். ஆஸ்பத்திரியில் இருந்த அன்றும் வீட்டில் அது கட்டியேதான் இருந்திருக்கிறது. யாருக்கும் பாரமாகிவிட்டோம் என்று தெரிந்த நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு. நானும் நீயும் ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு கடிதம் எழுதின அத்தனை நாளும் அவள் அதன்மேல்தான் படுத்திருந்திருக்கிறாள்.

நேற்று ஆலைச் சங்கு ஊதியது, மீன் வந்துவிட்டது. எழுந்து முகம் கழுவி, தலையில் துணி கட்டிக்கொண்டு, திரும்ப உட்கார்ந்துவிட்டேன். இங்கே பெண்கள் ஹம்மாமில் முதுகு தேய்க்க ஆள் கேட்கிறார்கள். பாதிச் சம்பளம்தான். இன்று போய்ப் பார்த்தேன். வாரக் கடைசியில் சொல்கிறேன் என்றாள் ஹம்மாம் முதலாளியம்மா. அமையுமா தெரியாது. அமைந்தாலும் பள்ளிக்கூடம் முடியட்டும், ஜூனில் அவளையே கேட்போம், எங்கே இருக்க ஆசைப்படுகிறாய் என்று. நீயும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம்.

நீ அல்லாலிடமிருந்து திரும்பி வருவதற்குள் அந்த மூட்டையை அவிழ்த்து, அவள் துணியை எல்லாம் உன் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கிவிட்டேன். உன் போர்வைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன், உன்னைக் கேட்கவில்லை. மூட்டை கட்டின துணியை அவள் தேடக்கூடும். நீயும் தேடாதே, வேறு துணியும் கொடுத்துவிடாதே. நான் அதை ஸாஃபிக்கு எடுத்து வந்துவிட்டேன்.

ரகிய்யா